பாடவேளைகளுக்கு நடுவே ஒரு நாவல்

‘முழுப் பரீட்சை முடியட்டும், லீவில் உட்கார்ந்து எழுதி முடித்துவிடலாம்.’ நாவல் எழுதும் ஆசை பிடித்த பள்ளி மாணவர் எவரும் இதை ஒருமுறையாவது சொல்லாமல் இருந்திருக்க மாட்டார். ஜூன் மாதம் கதை தோன்றுகிறது. கதாநாயகிக்குப் பெயர் வைத்தாகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் அத்தியாயத்தை ஒரே மூச்சில் எழுதியும் ஆகிறது. திங்கட்கிழமை சிறப்பு வகுப்பு, செவ்வாய்க்கிழமை கணக்கு டியூஷன், பிறகு மாதத் தேர்வு, காலாண்டு, ரெக்கார்டு நோட்டு என்று வரிசையாக வந்து நிற்கின்றன. கதை எழுதிய நோட்டு அலமாரியில் மற்ற நோட்டுகளுக்கு அடியில் போய்விடுகிறது. மே மாதம் வருகிறது, நாவல் வருவதில்லை.

இதைச் சோம்பல் என்று சொல்லித் திட்டிவிட்டுப் போவது சுலபம். உளவியல் ஆய்வாளர்கள் அப்படிச் சொல்லவில்லை. பின்னால் கிடைக்கப்போகும் நேரத்தை மனித மனம் எப்போதும் கூட்டித்தான் கணக்குப் போடுகிறது என்கிறார்கள். 1994-ல் ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் என்ற மூவர் கனடாவில் நடத்தி வெளியிட்ட ஆய்வு இந்த விஷயத்தில் மிகப் பெயர் பெற்றது. பட்டப்படிப்பின் கடைசிக் கட்டத்தில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம், எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 33.9 நாள் என்று பதில் வந்தது. எல்லாமே கோளாறாகிப் போனால் எத்தனை நாள் ஆகும் என்றும் கேட்டார்கள். 48.6 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55.5 நாள். அதாவது, தங்களால் கற்பனை செய்ய முடிந்த மிக மோசமான நிலைமையையும் தாண்டி ஒரு வாரம். சொன்ன தேதிக்குள் முடித்தவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

இதில் சுவையான விஷயம், போன தடவையும் தாமதமாகத்தான் முடித்தோம் என்பது அவரவருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அந்தத் தாமதத்துக்கு அந்த நேரத்துக் காரணம் ஒன்று இருக்கும்: காய்ச்சல், கரண்ட் போனது, அத்தை வீட்டுக் கல்யாணம். இந்தத் தடவை அது இருக்காது என்று மனம் நம்புகிறது. இன்னொருவர் எப்போது முடிப்பார் என்று கேட்டால் யாரும் இத்தனை நம்பிக்கையாகப் பேசுவதில்லை. கோடை விடுமுறையைப் பற்றி நாம் போடும் திட்டமும் இந்த ரகம்தான். அந்த ஒன்றரை மாதத்தில் ஊருக்குப் போவது, கம்ப்யூட்டர் கிளாஸ், அடுத்த வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே ஆரம்பிக்கும் டியூஷன் எல்லாம் உண்டு. திட்டம் போடும்போது அவை எதுவும் கண்ணில் படாது.

விடுமுறைக்குக் காத்திராமல், பள்ளி நடக்கும்போதே எழுதி முடித்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் டல்சா நகரின் வில் ரோஜர்ஸ் உயர்நிலைப் பள்ளி மாணவியான எஸ்.ஈ. ஹின்டன், ‘தி அவுட்சைடர்ஸ்’ நாவலை 15 வயதில் தொடங்கினார். பெரும்பகுதியைப் பதினோராம் வகுப்பில், 16 வயதில் எழுதினார். புத்தகம் 1967-ல் வெளிவந்தபோது அவருக்கு வயது 18. அதை எழுதிக்கொண்டிருந்த வருஷம் பள்ளியில் படைப்பிலக்கிய வகுப்பில் தமக்குக் கிடைத்தது ‘டி’ கிரேடு என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பாடத்தைக் கோட்டைவிட்டு நாவலைப் பிடித்தவர் பிரான்ஸில் இன்னொருவர். பிரான்ஸுவாஸ் சகான் சோர்போன் பல்கலைக்கழகத் தேர்வில் தோற்றபின் எழுதிய ‘போன்ஷூர் த்ரிஸ்தெஸ்’ 1954-ல் வெளிவந்து அவரை 18 வயதில் உலகப் புகழ் பெறவைத்தது. இந்த இரண்டாவது வழியை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

பள்ளி நாளில் நேரமே இல்லையா என்றால், இருக்கிறது. அரை மணி, முக்கால் மணித் துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது. அந்தத் துண்டுகள் நாவலுக்கு உதவாது என்ற எண்ணம்தான் ஆளைக் கவிழ்க்கிறது. உதவாது என்று தோன்றுவதற்கு நியாயமான காரணமும் இருக்கிறது. அதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

இரவு எட்டரை மணி. ஒரு மாணவி இயற்பியல் கணக்குகளை முடித்துவிட்டுக் கதை நோட்டைத் திறக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கடைசியாக எழுதியது போன வாரம். கோவில்பட்டி பேருந்து நிலையத்தில், கடைசி பஸ்ஸுக்காக ஒரு தாயும் மகளும் நிற்கிறார்கள். அடுத்த வாக்கியம் எழுத வேண்டும். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவள் தலைக்குள் ஒரே சமயத்தில் இருக்க வேண்டியவை இவை: அப்பா கடன் வாங்கியது மகளுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது, அம்மா கையில் இருக்கும் பை போன அத்தியாயத்தில் அறுந்துபோனது, மணி ஒன்பது, கடைகள் சாத்தும் நேரம், கதையை மகள் ‘நான்’ என்று சொல்கிறாள், ஆகவே அம்மா மனத்தில் ஓடுவதை நேரடியாகச் சொல்ல முடியாது, அம்மா பேசுவது கரிசல்காட்டுப் பேச்சு. இவற்றோடு, வாக்கியம் எங்கே ஆரம்பித்து எங்கே முடிய வேண்டும், ‘அறுந்த’ என்பதற்கு இடையின ‘ர’வா வல்லின ‘ற’வா என்பதும்.

இப்படி, செய்துகொண்டிருக்கும் வேலைக்கு வேண்டியதை அந்த நேரத்துக்கு மட்டும் கையில் ஏந்திக்கொண்டிருக்கும் மூளையின் திறனைச் செயல்நினைவு என்கிறார்கள். 1974-ல் ஆலன் பேடலியும் கிரஹாம் ஹிட்சும் இதற்கு ஒரு மாதிரியைக் கொடுத்தார்கள். அதன் கொள்ளளவு மிகக் குறைவு. நெல்சன் கோவன் 2001-ல் முந்தைய ஆய்வுகளையெல்லாம் அலசிவிட்டு, ஏறத்தாழ நான்கு உருப்படிகள்தான் என்று முடிவுக்கு வந்தார். மேலே சொன்ன பட்டியலில் நான்குக்கு மேலேயே இருக்கிறது. பிறகு எப்படி மனிதர்கள் நாவல் எழுதுகிறார்கள்? பல சேர்ந்து ஒன்றாகிவிடுவதால். கதையோடு பழகப் பழக ‘கடன் தெரிந்த மகள், தெரியாத அம்மா’ என்பது ஒரே உருப்படியாகச் சுருண்டுகொள்கிறது. எழுத்துக்கூட்டல் கைக்கு வந்துவிட்டால் அது கணக்கிலேயே வராது. எழுதுவதை ஆராய்ந்த உளவியலாளர் ரொனால்ட் கெல்லாக், திட்டமிடுதல், வாக்கியமாக்குதல், திரும்பப் படித்துச் சரிபார்த்தல் ஆகிய மூன்றும் இதே சிறிய இடத்துக்குப் போட்டி போடுகின்றன என்று காட்டினார். கட்டுரை எழுதுகிறவர் மூளை ஈடுபடும் அளவைச் சதுரங்க நிபுணர் அடுத்த நகர்த்தலை யோசிக்கும்போது ஈடுபடும் அளவோடு அவர் ஒப்பிட்டிருக்கிறார்.

நம் மாணவிக்கு முதல் பதினைந்து, இருபது நிமிஷம் இதையெல்லாம் திரும்ப ஏற்றுவதிலேயே போய்விடும். ஒரு வாரம் கழித்துத் திறந்ததால் ஆறின தோசைக்கல்லில் மாவு ஊற்றுகிற கதை. முதல் இரண்டு தோசை பிய்ந்துதான் வரும். அரை மணி முடிகிற நேரத்தில்தான் கல் காய்ந்திருக்கும். ‘அரை மணியில் ஒன்றும் நடக்காது’ என்று அவள் முடிவு கட்டுகிறாள். அவள் பார்த்தது உண்மை, எடுத்த முடிவு தவறு. நேற்று எழுதியதை இன்று தொடும்போது ஏற்றவேண்டிய சுமை மிகக் குறைவு. ஐந்து நிமிஷத்தில் கதைக்குள் போய்விடலாம். வாரத்துக்கு ஒரு நாள் மூன்றரை மணி என்பதும் தினம் அரை மணி என்பதும் கூட்டினால் ஒன்றுதான். ஆனால் மூன்றரை மணி தடையில்லாமல் கிடைக்கும் ஞாயிறு எத்தனை பேர் வீட்டில் வருகிறது? வந்தாலும் ஆறு நாள் இடைவெளிக்குப் பிறகு வருகிறது.

இன்னொரு இடைஞ்சல் முந்தின வேலையிலிருந்து வருகிறது. ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போகும்போது கவனத்தில் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் 2009-ல் ஆய்வில் காட்டினார். முடிக்காமல் விட்ட வேலையானால் இந்த மிச்சம் இன்னும் ஒட்டிக்கொள்ளும். பாதியில் நிற்கும் கணக்கை விட்டுவிட்டுக் கதைக்கு வந்தால் கதாநாயகி பேசுவதற்குள் உராய்வுக் குணகம் வந்து நிற்கும். இதற்கு மருந்தும் ஆய்வுகளில் கிடைக்கிறது. மஸிகாம்போ, பௌமைஸ்டர் இருவரும் 2011-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அரைகுறை வேலை மனத்தை அரிப்பதை நிறுத்த அந்த வேலையை முடிக்க வேண்டியதில்லை. எப்போது, எப்படி முடிப்பது என்று தெளிவாகத் திட்டம் வைத்தாலே போதும். ‘ஏழாவது கணக்கு, நாளைக் காலை, இரண்டாவது வரியிலிருந்து’ என்று நோட்டின் ஓரத்தில் எழுதிவிட்டு மூடுங்கள். கதையை நிறுத்தும்போதும் இதையே செய்யலாம். அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்திருக்கும்போதே நிறுத்துவது ஹெமிங்வேயின் வழக்கம். ‘பஸ் வருகிறது, அம்மா ஏறமாட்டேன் என்கிறாள்’ என்று ஒரு வரி குறித்துவைத்துவிட்டுப் படுத்தால் மறுநாள் வெற்றுப் பக்கத்தை வெறிக்க வேண்டியிருக்காது.

சரி, மூடு வர வேண்டாமா? மூடு வராமல் எழுதினால் சருகாகத்தானே இருக்கும்? எழுத்தாளர்களே இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். ராபர்ட் பாய்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார். எழுத முடியாமல் திணறிய 27 கல்லூரிப் பேராசிரியர்களை மூன்றாகப் பிரித்தார். முதல் குழு பத்து வாரத்துக்கு அவசியமானதைத் தவிர எதுவும் எழுதக் கூடாது. இரண்டாம் குழு தோன்றும்போது எழுதலாம். மூன்றாம் குழு குறித்த நேரத்தில் எழுதியே ஆக வேண்டும். தவறினால், தங்களுக்குச் சுத்தமாகப் பிடிக்காத அமைப்பு ஒன்றுக்கு அவர்கள் பணம் நன்கொடையாகப் போய்விடும். 1983-ல் வெளியான முடிவு: தோன்றும்போது எழுதியவர்கள் நாளுக்கு 0.9 பக்கம், கட்டாயமாக எழுதியவர்கள் 3.2 பக்கம். பக்கம் கூடியதில் வியப்பில்லை. புதிய யோசனைகளின் கணக்குதான் வியப்பு. தோன்றும்போது எழுதியவர்களுக்கு இரண்டு நாளுக்கு ஒரு புதிய யோசனை. கட்டாயக் குழுவுக்கு நாளுக்கு ஒன்று. எழுதாமல் இருந்தவர்களுக்கு ஐந்து நாளுக்கு ஒன்று. யோசனை வந்தபின் எழுத உட்கார்வது ஒருபுறம் இருக்க, உட்கார்வதாலும் யோசனை வருகிறது.

இது சின்ன ஆய்வு. அதில் இருந்தவர்கள் நாவலாசிரியர்களும் அல்ல. ஆனாலும் தமிழ் வாசகர்கள் இதை நம்பச் சிரமப்பட வேண்டாம். நம் மொழியின் பெரிய நாவல்கள் பலவும் வாரப் பத்திரிகையின் கெடுவுக்கு எழுதப்பட்டவை. ‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபர் 29 முதல் 1954 மே வரை ‘கல்கி’ இதழில் வாராவாரம் வந்தது. அதை எழுதியவர் அந்தப் பத்திரிகையின் ஆசிரியரும்கூட. வேறு வேலையே இல்லாமல் எழுதியவர் அல்ல. மூன்றரை வருஷம் மூடுக்காகக் காத்திருந்தால் முதல் பாகமே வந்திருக்குமா என்பது சந்தேகம். பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக வேலை பார்த்துக்கொண்டே சுஜாதா எழுதிய தொடர்களும் அப்படித்தான். பத்திரிகை இல்லாத பள்ளி மாணவர் என்ன செய்வது? ஒரு தோழியையோ தோழனையோ வாசகராக்கிக்கொள்ளலாம். திங்கட்கிழமை காலை பிரேயருக்கு முன் அந்த வாரத்துப் பக்கங்கள் அவர் கைக்குப் போய்விட வேண்டும். அடுத்த வாரம் ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று கேட்க ஓர் ஆள் இருப்பது, பாய்ஸ் வைத்த அபராதத்தைவிட நன்றாக வேலை செய்யும் என்று நினைக்கிறேன். செலவும் இல்லை.

எந்த நேரத்தில் எழுதுவது? ‘நேரம் கிடைக்கும்போது’ என்று வைத்தால் கிடைக்காது. பீட்டர் கால்விட்ஸர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் பல ஆண்டுகளாக ஆராய்ந்த விஷயம் இது. மாணவர்களிடம், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாலையை எப்படிக் கழித்தீர்கள் என்று இரண்டு நாளுக்குள் எழுதி அனுப்பச் சொன்னார். பண்டிகை நேரம், எழுத யாருக்கு ஓய்வு? பாதிப்பேரிடம் மட்டும், எங்கே உட்கார்ந்து எப்போது எழுதுவீர்கள் என்று முன்கூட்டியே குறித்துத் தரச் சொன்னார். குறித்துத் தராதவர்களில் மூன்றில் ஒரு பங்குபோல அனுப்பினார்கள். குறித்துத் தந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். எல்லாரும் எழுத விரும்பியவர்கள்தான். எங்கே, எப்போது என்று தீர்மானித்ததுதான் வித்தியாசம். ஆகவே ‘தினம் எழுதுவேன்’ என்று சபதம் செய்வது வீண். ‘டியூஷன் விட்டு வந்து டீ குடித்து டம்ளரைக் கழுவி வைத்ததும், மாடிப்படியில் உட்கார்ந்து அரை மணி’ என்று முடிவு செய்தால் காரியம் நடக்கும். மணியைவிட, தவறாமல் நடக்கிற ஒரு செயலோடு கட்டிப்போடுவது நல்லது. வீட்டில் மணி தவறும்; டீ தவறாது.

பழக்கமாக எத்தனை நாள் ஆகும்? 21 நாள் என்று ஒரு கணக்கு வாட்ஸ்ஆப்பில் சுற்றுகிறது. அதற்கு ஆதாரமில்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலியும் மற்றவர்களும் 96 பேரைத் தொடர்ந்து கவனித்து 2010-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய செயல் தானாக நடக்கும் அளவுக்குப் பழகச் சுமார் 66 நாள் ஆனது. ஆளுக்கும் செயலுக்கும் தகுந்தபடி 18 நாளிலிருந்து 254 நாள் வரை விரிந்தது. மாணவர்களுக்கு அதில் ஒரு நல்ல செய்தி உண்டு: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. வியாழக்கிழமை எழுதாததற்காக வெள்ளிக்கிழமை அழ வேண்டாம், எழுதினால் போதும்.

எழுதாத நேரத்திலும் நாவல் வேலை நடக்கும். இதைத்தான் நான் மாணவர்களிடம் மிகவும் வற்புறுத்துவேன். ஒரு சிக்கலை விட்டு விலகியிருக்கும்போது விடை பிடிபடுவதை அடைகாத்தல் என்கிறது உளவியல். உட் நா சியோ, தாமஸ் ஆர்மராட் இருவரும் 2009-ல் 117 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது இந்த விளைவு உண்மை என்று தெரிந்தது. இடைவேளையில் சும்மா இருப்பதையும், மூளையைப் பிழியும் வேலை செய்வதையும்விட, லேசான வேலை ஒன்று செய்துகொண்டிருப்பது அதிகம் உதவியது. 2019-ல் எழுத்தாளர்களையும் இயற்பியலாளர்களையும் இரண்டு வாரம் தினமும் குறிப்பெழுதச் சொல்லி ஓர் ஆய்வு நடந்தது. அவர்களுடைய முக்கியமான யோசனைகளில் ஐந்தில் ஒன்று, அந்த வேலையைச் செய்யாமல் வேறெதையோ செய்துகொண்டு, வேறெதையோ நினைத்துக்கொண்டிருந்தபோது தோன்றியது. நடப்பதும் உதவும். ஸ்டான்ஃபோர்டில் மாரிலி ஒப்பெஸோவும் டேனியல் ஷ்வார்ட்ஸும் 2014-ல் செய்த சோதனைகளில், உட்கார்ந்திருந்தபோதைவிட நடந்தபோது புதிய யோசனைகள் சராசரியாக 60 சதவிகிதம் கூடின.

பள்ளி நாளில் இப்படிப்பட்ட நேரம் கொட்டிக் கிடக்கிறது: பஸ்ஸில் நிற்பது, சைக்கிள் மிதிப்பது, தண்ணீர்க் குழாயில் வரிசை, ரெக்கார்டு நோட்டில் தலைப்புக்கு அடிக்கோடு போடுவது. ஆனால் இரண்டு நிபந்தனைகள். அடைகாக்க முட்டை வேண்டும். முந்தின நாள் கதையைத் தொட்டிருந்தால்தான் மனம் அதைப் பின்னால் உருட்டிக்கொண்டிருக்கும். அப்புறம், அந்த ஓய்ந்த நிமிஷங்களைக் கைப்பேசிக்குக் கொடுத்துவிடக் கூடாது. பஸ் நிறுத்தத்தில் பத்து நிமிஷம் ரீல்ஸ் பார்த்தவருக்கு அந்தப் பத்து நிமிஷத்தில் கதை நகராது. தோன்றியதைக் குறிக்க, சட்டைப் பையில் மடித்த ஒரு துண்டுக் காகிதம் போதும். கைப்பேசியிலேயே நாவலை எழுதுகிறவர்கள் இப்போது நிறைய. தமிழ்த் தட்டச்சும் எளிதாகிவிட்டது. அதில் தவறில்லை, அந்த அரை மணிக்கு மட்டும் டேட்டாவை அணைத்துவிடுங்கள்.

அடுத்தது தூக்கம். நாவல் எழுதும் மாணவர்கள் நேரத்தை முதலில் திருடுவது இங்கேதான். எல்லாரும் தூங்கினபின் பதினொன்றிலிருந்து ஒன்றரை வரை எழுதுவது சாகசமாகத் தெரியும். அதன் விலையைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வான் டாங்கன், டிங்கஸ் முதலியோர் 2003-ல் அளந்து காட்டினார்கள். இரண்டு வாரம் தினமும் ஆறு மணி நேரமே தூங்கியவர்களின் கவனமும் செயல்நினைவும், ஓரிரு இரவு கண்ணே மூடாதவர்களின் நிலைக்குச் சரிந்தன. கொடுமை என்னவென்றால், அது அவர்களுக்கே சரியாகத் தெரியவில்லை. கொஞ்சம் தூக்கக் கலக்கம்தான், சமாளித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். சோதனைக்கு வந்தவர்கள் பெரியவர்கள். 13 முதல் 18 வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் பரிந்துரை. முன்பு சொன்ன நான்கு உருப்படிக் கொள்ளளவையும் இழந்துவிட்டு நாவல் எழுதுவது எப்படி? இரவு ஒரு மணிக்கு எழுதியது பிரமாதமாகத் தோன்றியதற்குக் காரணம், பிரமாதமா இல்லையா என்று சொல்ல வேண்டிய மூளை அப்போது தூங்கப் போயிருந்ததுதான்.

‘அப்படியானால் நாலு மணிக்கு எழுந்து எழுது’ என்று தாத்தாக்கள் சொல்வார்கள். ஆந்தனி டிராலப் என்ற ஆங்கில நாவலாசிரியர் ஏறக்குறைய அப்படித்தான் செய்தார். தபால் துறை வேலைக்குப் போகுமுன், விடியற்காலையில் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல் வீதம் எழுதினார். வாழ்நாளில் மொத்தம் 47 நாவல்களை முடித்தார். அவர் நடுவயதுக்காரர். பதின்வயதில் உடல் கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப்போகிறது. பருவமடையும் காலத்தில், தூக்கத்துக்கு அழைக்கும் மெலடோனின் ஹார்மோன் இரவில் தாமதமாகவே சுரக்கத் தொடங்குகிறது என்பதைப் பிரவுன் பல்கலைக்கழகத்தின் மேரி கார்ஸ்கடன் போன்றவர்கள் நிறுவினார்கள். காலையில் எழ முடியாமல் புரளும் பையனைச் சோம்பேறி என்பது பாதிதான் உண்மை. சியாட்டில் நகரம் 2016-ல் உயர்நிலைப் பள்ளிகள் தொடங்கும் நேரத்தை 7:50-லிருந்து 8:45-க்கு மாற்றியது. மாணவர்கள் அந்தக் கூடுதல் நேரத்தில் விழித்திருந்து விளையாடுவார்கள் என்று பயந்தவர்கள் உண்டு. கையில் கருவி கட்டி அளந்து பார்த்ததில், அவர்கள் தினம் 34 நிமிஷம் கூடுதலாகத் தூங்கியிருந்தார்கள். ஆகவே இரவு ஒன்றும் வேண்டாம், விடியல் நாலும் வேண்டாம். மாலையில் டியூஷனுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே ஒரு துண்டு, அல்லது மதிய உணவு இடைவேளையில் சாப்பிட்டபின் கிடைக்கும் இருபது நிமிஷம். வீட்டில் மூன்று பேர் ஒரே அறையில் படிக்கும் குடும்பங்களில் அந்த மதிய இருபது நிமிஷமும் பள்ளி நூலகமும்தான் தனியறை.

எவ்வளவு எழுதுவது? அமெரிக்காவில் கிறிஸ் பேட்டி என்பவர் 1999-ல் 21 பேரோடு தொடங்கிய நாவல் மாதம் என்ற இயக்கத்தில் இலக்கு 30 நாளில் 50,000 சொல், நாளுக்கு 1,667 என்று இருந்தது. பல ஆண்டுகள் லட்சக்கணக்கானோர் அதில் கலந்துகொண்டார்கள். பள்ளி மாணவர்களுக்கு அதிலேயே தனிப் பிரிவு வைத்து, இலக்கை அவர்களே குறைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். அதுதான் புத்திசாலித்தனம். தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், 40,000 சொல்லே நல்ல கனமான நாவல். நாளுக்கு 200 சொல் என்று வையுங்கள். ஒரு பக்கத்துக்குக் கொஞ்சம் கூட. 200 நாளில் 40,000 வந்துவிடும். வருஷத்தில் மீதி 165 நாள் காய்ச்சலுக்கும் கல்யாணத்துக்கும் பரீட்சைக்கும் இருக்கிறது. முதலில் பார்த்த கனடா மாணவர்களின் கணக்கை மறக்காதவர்கள் இதையும் ஒன்றரை மடங்காக்கிக்கொள்வார்கள். அப்படிப் பார்த்தால் ஒன்பதாம் வகுப்பில் தொடங்கினால் பத்தாம் வகுப்புப் பாதியில் முடியும்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முந்தைய இரண்டு மூன்று மாதம் வேறு கணக்கு. அப்போதும் தினம் எழுதியே தீர வேண்டும் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நாவலை அப்போது ஒழுங்காக மூடிவைக்க வேண்டும். அப்படியே போட்டுவிட்டுப் போகக் கூடாது. யார் யாருக்கு என்ன தெரியும், கதை எந்தத் தேதியில் நிற்கிறது, அடுத்த மூன்று காட்சிகள் என்னென்ன என்று ஒரு பக்கம் எழுதி, நோட்டின் முதல் தாளில் ஒட்டிவிடுங்கள். செயல்நினைவு தாங்காததைக் காகிதம் தாங்கும். கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாள் திறந்தால் முதல் இரண்டு மூன்று நாள் தடுமாற்றமாக இருக்கும், பிறகு சரியாகிவிடும். ஒன்பதாம் வகுப்பிலும் பதினோராம் வகுப்பிலும் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஹின்டன் எழுதியது பதினோராம் வகுப்பில்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை எழுதிக்கொண்டிருக்கும் அந்த அரை மணியில் ‘அந்த நேரத்துக்கு ரெண்டு கணக்குப் போட்டிருக்கலாமே’ என்று கேட்காதீர்கள். கடைக்கும் அனுப்பாதீர்கள், தயிர் அரை மணி கழித்து வந்தால் போதும். என்ன எழுதுகிறாய் என்று நோட்டைப் பிடுங்கியும் பார்க்காதீர்கள். காட்ட வேண்டும் என்று தோன்றும்போது அவர்களே காட்டுவார்கள். அப்போது முதலில் எழுத்துப் பிழையைத் தேடாமல், கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, அப்புறம் என்ன ஆச்சு என்று கேளுங்கள்.